உத்திரமேரூரில் பதினேழு கல்: இரண்டு வாட்ச் மிஷின்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எண்ணிய கதை

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கல்வெட்டைப் பார்க்கப் போவார்கள். நான் போனது கல்லை எண்ணுவதற்கு. கோயில் கல் இல்லை. பழைய சாவி வாட்ச் ஒன்றின் வயிற்றுக்குள் இருக்கும், கடுகை விடச் சின்னதான சிவப்புக் கற்கள். எண்ணி முடித்து, வீட்டுக்கு வந்து, நன்றாகத் தூங்கி எழுந்து, மனசு லேசான பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போகும்போது இருந்த மனநிலையில் எழுதியிருந்தால் இந்தப் பதிவு வெறும் புலம்பலாக இருந்திருக்கும்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தாம்பரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பழைய வாட்சுகளைத் தேடி ஊர் ஊராகப் போவதும், மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் மிஷின் எந்த வகை, எதனோடு ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிப்பதும் என் பைத்தியம். மிஷின் என்றால் உள்ளே டிக்டிக்கென்று ஓடுகிற மொத்த இயந்திரமும்தான். வாட்ச் கடைகளில் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பிராண்டுப் பெயர்கள் மட்டும் போட மாட்டேன். போன பதிவில் போட்டுவிட்டு, கமெண்டில் இரண்டு பேர் அடித்துக்கொண்டதை நடு ராத்திரி வரை விலக்கிவிட்டது போதும்.

என் தங்கை ஜெயமேரியை மாகறலில் கொடுத்திருக்கிறோம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரை ஊர். அவள் மாமனார் சூசை இப்போது இல்லை. வயல் வேலை, செங்கல் சூளை என்று கூலிக்குப் போய் இரண்டு மகன்களை ஆளாக்கியவர். இளவயதில் மெட்ராஸுக்கு லாரியில் மூட்டை ஏற்றப் போனபோது, பிளாட்பாரக் கடை ஒன்றில் ஒரு சுவிஸ் வாட்ச் வாங்கினார். அதன் டயலில் ‘21 ஜூவல்ஸ்’ என்று அச்சிட்டிருக்கும். அதாவது இருபத்தோரு கல். ஊரில் அவருக்குப் பெயரே ‘இருவத்தோரு கல்லு சூசை’ என்றாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகைகளில் கூட அப்படிப் போட்டு அழைத்திருக்கிறார்கள் என்று தங்கை சொல்வாள்.

அந்த வாட்ச் இப்போது மூத்த மகன் இருதயராஜிடம் இருக்கிறது. டிராக்டர் ஓட்டுகிறார். மூன்று மாதத்துக்கு முன் வாட்ச் நின்றுபோனது. தங்கை என்னைக் கேட்டாள். உத்திரமேரூர் கடைத்தெருவில் காதர் பாய் கடையில் கொடு, கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். பாய் பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டுக் கொடுத்தார். வாட்ச் ஜம்மென்று ஓடியது. அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. பட்டை மாற்றுவதற்காக இருதயராஜ் காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். பட்டை மாற்றுகிறவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பின்மூடியைத் திறந்து பார்த்து, “மேல இருபத்தொண்ணு போட்டிருக்கு, உள்ள பதினேழுன்னு வெட்டியிருக்கு. நாலு கல்லை யாரோ எடுத்துட்டாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். யாரோ என்ன யாரோ? வாட்சைக் கடைசியாகத் திறந்தவர் காதர் பாய். சந்தை நாளில், கூட்டம் நெரியும் நேரத்தில், பாய் கடை வாசலில் நின்று இருதயராஜ் ‘கல்லுத் திருடன்’ என்று கத்தியிருக்கிறார். திங்கட்கிழமைக்குள் நாலு கல்லும் வரவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பேன் என்றும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை தங்கை போன் செய்தபோது அவள் குரலே சரியில்லை. “உங்க அக்கா சொன்ன கடைதானேன்னு வூட்ல எல்லாரும் மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீறாங்கக்கா. நான் சோறு போட்டாக்கூட பேசாம சாப்புட்டுட்டு போறாங்க” என்றாள். எனக்கு முதலில் வந்தது கோபம். பிறகு பயம். பாய் எடுத்திருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதை எப்படிக் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை. உள்ளே பதினேழு என்று வெட்டியது தொழிற்சாலையேதான், ஆனால் மேலே இருபத்தொன்று எப்படி வந்தது என்று கேட்டால் என்ன சொல்வேன்?

வாட்சில் கல் எதற்கு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் சக்கரத்தில் பால்ரஸ் குண்டு செய்கிற வேலையைத்தான் வாட்சில் கல் செய்கிறது. சக்கரங்களின் அச்சு முனை சுழலும் குழியில் தேய்மானம் வராமலிருக்கப் பதிக்கிறார்கள். எல்லாம் தொழிற்சாலையில் செய்யும் செயற்கைக் கெம்பு. பிடுங்கி எடுத்தால் விற்கவும் முடியாது, வாட்சும் ஓடாது. ஆனால் நம் வீடுகளில் கல் என்றால் என்ன? தோட்டில் இருக்கும் கல், மூக்குத்தியில் இருக்கும் கல். தங்கையின் மாமியார் சவரியம்மா ஒரு முறை தோட்டை மெருகு போடக் கொடுத்து, ஒரு கல் குறைந்து வாங்கி வந்தவர். அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் கல்லை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற வீடு அது. வாட்சின் கல் மட்டும் உள்ளே இருந்ததால் எண்ணாமல் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆதங்கம் அவர்களுக்கு.

தங்கை வாட்சின் பின்மூடியைத் திறந்து ஒரு போட்டோ அனுப்பினாள். மிஷினை அடையாளம் காண நல்ல வழி, பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் செதுக்கியிருக்கும் குறியையும் எண்ணையும் பார்ப்பது. இப்படியும் அப்படியும் ஆடுகிறதே, அந்தச் சக்கரம். போட்டோவில் அது மங்கலாக இருந்தது. அடுத்த வழி, மேலே இருக்கும் தகடுகளின் வடிவம். அதை வைத்துப் பார்த்தால் என்னிடம் உள்ள இரண்டு வாட்சுகளின் மிஷினில் ஏதோ ஒன்று. இரண்டையும் பிரித்துச் சொல்வது கிளிக். சாவி கொடுக்கும்போது சக்கரம் பின்னால் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் குட்டிக் கொக்கி. ஒன்றில் அது நேராக இருக்கும், மற்றதில் வளைந்து இருக்கும். போட்டோவில் சரியாக அந்த இடத்தில் என் தங்கையின் கட்டைவிரல் நிழல். மூக்குக்கண்ணாடி வைக்கும் பெட்டி ஒன்றில் என் இரண்டு வாட்சுகளையும் வைத்துக்கொண்டேன். இரண்டில் ஒன்றாவது ஒத்துப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். வாலாஜாபாத் வழி. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. காலையில் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும், எட்டு மணிக்கு மேல் கம்பெனிக் கூட்டம் வந்துவிடும். காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் உத்திரமேரூர் டவுன் பஸ் பிடிக்கலாம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸாகப் பார்த்து ஏறினேன். ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் போகும்போது இடது பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்கும், வலது பக்கம் உட்காருங்கள். நான் இடது பக்கம் உட்கார்ந்து அவதிப்பட்டேன். மாகறல் சுமார் பதினாறு கிலோமீட்டர்.

தங்கை வீட்டில் என்னை “வா” என்று கேட்டார்கள், அவ்வளவுதான். தங்கை கணவருக்கு அன்று கம்பெனியில் ஷிப்ட். இருதயராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை விட மூத்தவர், மாமா என்று கூப்பிடுவேன்.

“நாஷ்டா துன்னியா?” என்றார். அது மரியாதைக்கு. அடுத்த வாக்கியம், “நாலு கல்லு எங்கன்னு உங்க பாய கேட்டியா?”

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாதத்தை எடுத்துவிட்டேன். “மாமா, பால்ரஸ் இல்லாம சைக்கிள் ஓடுமா? கல்ல எடுத்துட்டா வாட்ச் எப்படி ஓடும்? ஓடிக்கினுதானே இருக்குது?”

உள்ளேயிருந்து சவரியம்மா வந்தார். “எட்டுக்கல்லு தோட்ல ஒரு கல்லு வியுந்துட்டா, தோடு காதுல நிக்காம வியுந்துடுதா? அது பாட்டுக்கு நிக்குது. அந்த மாதிரி இதுவும் ஓடிக்கினு கீது” என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. வாட்சுக்குள் எது பால்ரஸ், எது அலங்காரம் என்று அவருக்கு யார் காட்டினார்கள்? பேசிப் பிரயோஜனமில்லை என்று அப்போதே புரிந்தது. “சரி அத்தை, எண்ணிடலாம். எல்லாரும் வாங்க, உங்க கண்ணு முன்னாடி பிரிச்சி ஒண்ணொண்ணா எண்ணலாம்” என்றேன். எண்ணுவது என்றதும் சவரியம்மா உடனே புடவை மாற்றக் கிளம்பிவிட்டார். இருதயராஜ்தான் கொஞ்சம் தயங்கினார். தங்கையும் கூட வந்தாள்.

உத்திரமேரூருக்கு ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு முப்பது ரூபாய். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் இன்னும் குறையும். ஆட்டோக்காரர் நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், கண்ணாடியில் என்னைப் பார்த்து, “வாட்ச்சு கல்லு கேஸா? அந்த பாய் கடைல எங்க மச்சானும் ஒரு வாட்ச்சு குட்த்துகீறான். போய் வாங்கியாந்துட்றான்னு சொல்லிக்கீறேன்” என்றார். பேச்சு ஆட்டோ வரைக்கும் வந்துவிட்டது. இருதயராஜ் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

காதர் பாய் கடை மிகச் சிறியது. ஒரு மேஜை, ஒரு கண்ணாடி அலமாரி, சுவரில் பத்துப் பன்னிரண்டு கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அவரை முன்பு இரண்டு முறை பார்த்திருக்கிறேன். நிறையப் பேசுகிற, நக்கலடிக்கிற மனிதர். அன்று எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார், அதோடு சரி.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “இவங்க வாட்ச்ச நான் தொட மாட்டேம்மா. இப்ப தொட்டு ஒரு ஸ்குரு காணாம போச்சின்னா அதுவும் என் தலைல வியும். நீ வேணா தொறந்துக்கோ. சாமான்லாம் கீது.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பிரிப்பேன், என் சொந்த வாட்சைப் பிரிப்பேன், கெட்டாலும் என்னோடு போகும். அடுத்தவர் அப்பாவின் வாட்சை, அடுத்தவர் முன்னால் பிரித்ததில்லை. அப்போது பாயே ஒரு வழி சொன்னார். “உன் வாட்ச்சு ரெண்டு எட்த்தாந்துகீறியே, அதுல இதே மிஷின் எதுவோ அத நான் பிரிக்கறேன். நான் ஒண்ணு கழட்ட கழட்ட, நீ அங்க அதையே கழட்டு.”

முதலில் மூன்றின் பின்மூடியையும் திறந்தோம். சூசை வாட்சின் மிஷின் பொன்னிறத் தகடு, ‘17 ஜூவல்ஸ்’ என்று தெளிவாக வெட்டியிருந்தது. லென்ஸைக் கண்ணில் வைத்து கிளிக்கைப் பார்த்தேன். வளைந்த கிளிக். பழுப்புப் பட்டை போட்ட என் முதல் வாட்சில் நேரான கிளிக். இது இல்லை. பட்டை இல்லாத இரண்டாவது வாட்சைத் திருப்பினேன். வளைந்த கிளிக், அதே மூன்று தகடு, திருகாணி இருக்கும் இடம் வரை அதே. அண்ணன் தம்பி போல இருந்தன என்று சொல்ல மாட்டேன், அதை விட நெருக்கம். அதைப் பாய் முன்னால் வைத்தேன்.

“எண்ணுங்க” என்றார் சவரியம்மா. லென்ஸை அவரிடமே கொடுத்தேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் யாருக்கு வேண்டுமானாலும் லென்ஸைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்துவிடுவேன். அவர் குனிந்து, விரலை மடக்கி மடக்கி எண்ணினார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... இங்க ஆட்ற சக்கரத்து மேல ஒண்ணு. அஞ்சி.” நிமிர்ந்தார். “அஞ்சிதான் கீது! அடப்பாவி, பதினாறு கல்லு போய்டுச்சே!”

இருதயராஜ் “இன்னா!” என்று எழுந்துவிட்டார். நாலு கல் கேஸ் பதினாறு கல் கேஸாகிவிட்டது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். சமாதானம் செய்ய வந்தவள் தீயைக் கொளுத்திவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. “அத்தை, அத்தை, மேல தெரியறது மட்டும்தான் அஞ்சு. அங்க என் வாட்சையும் எண்ணிப் பாருங்க” என்றேன். எண்ணினார். அதிலும் ஐந்து. என் வாட்சைக் காதர் பாய் அதற்கு முன் தொட்டதே இல்லை. சவரியம்மா கொஞ்சம் யோசித்து, “சரி, கழட்டு” என்றார்.

பிறகு நடந்ததை மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மெதுவாகத்தான் நடந்தது. முதலில் ஸ்பிரிங்கில் இருந்த முறுக்கை மெல்ல இறக்கினோம். அதைச் செய்யாமல் பிரித்தால் சக்கரங்கள் பல்லை உடைத்துக்கொள்ளும். பேலன்ஸ் மேலே இருக்கும் முடி போல மெல்லிய கம்பிப் பிடியை விலக்கினோம். ஒன்றாகத் தெரிந்த கல் இரண்டாக வந்தது; ஓட்டை போட்ட கல் மேல் ஓட்டை இல்லாத மூடிக்கல். ஆறு. பேலன்ஸ் சக்கரத்தைத் தூக்கினோம். அதன் அடியில் குச்சி போல ஒரு கல். ஏழு. அதற்குக் கீழே நங்கூரம் மாதிரி ஒரு சின்னத் துண்டு, அதன் அச்சுக்கு ஒரு கல், இரண்டு கையிலும் சிவப்பாக ஒவ்வொன்று. பத்து. பேலன்ஸுக்கு அடியில் தகட்டில் செதுக்கிய குறியும் எண்ணும் இரண்டிலும் ஒன்றே. ஒவ்வொரு முறையும் பாய் முதலில் என் வாட்சில் கழட்டுவார், நான் பின்னால் சூசை வாட்சில் கழட்டுவேன், சவரியம்மா இரண்டையும் எண்ணுவார். கழட்டியதை ஒரு சின்னக் கண்ணாடி மூடியால் மூடி வைத்தார் பாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வதைப் பார்த்து, “மூச்ச வுட்டுக்கினே செய்யிம்மா” என்றார்.

பத்தோடு இந்தப் பக்கம் முடிந்தது. மிஷினைக் கூட்டிலிருந்து எடுத்து, திருப்பி, முள்ளைக் கழட்டி, டயலை எடுக்க வேண்டும். டயலுக்குப் பின்னால் இரண்டு செம்புக் கால் இருக்கும்; அது மிஷினில் இரண்டு ஓட்டையில் இறங்கி, பக்கவாட்டுத் திருகாணியால் இறுகி நிற்கும். என் வாட்சில் பாய் திருகாணியைத் தளர்த்தி டயலைத் தூக்கினார், கால் இரண்டும் அழகாக வந்தன. நான் சூசை வாட்சில் திருகாணியைத் தளர்த்தினேன். அது எதையும் பிடித்துக்கொண்டிருக்கவே இல்லை. டயல் வரவில்லை. விளிம்பில் மெல்ல நெம்பினேன். பிசுக்கென்று பசை விட்டுக்கொண்டு வந்தது. பின்னால் கால் இல்லை. வெட்டி ராவிய இரண்டு தழும்புதான் இருந்தது, மிஷினின் ஓட்டைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத இடத்தில்.

எனக்குப் புரிந்துவிட்டது. பாயைப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், இப்போது சொல்லாதே என்பது போல. “மொதல்ல எண்ணி முடி” என்றார்.

டயலுக்கு அடியில் சக்கர அச்சுகளின் மறுமுனை. நடுவில் முள் மாட்டும் குழாயைப் பிடுங்கியதும் அதற்குள் ஒளிந்திருந்த கல்லோடு சேர்த்து ஐந்து. பேலன்ஸின் கீழ்முனைக்கு மறுபடி ஜோடியாக இரண்டு. சவரியம்மா என் வாட்சில் எண்ணினார், பதினேழு. சூசை வாட்சில் எண்ணினார். கடைசி இரண்டுக்கு வரும்போது இருதயராஜும் மேஜைமேல் குனிந்துவிட்டார். “பதினேயு” என்றார். நிமிர்ந்து பார்த்தார். “பதினேயும் கீது.” காலியான குழி ஒன்றுகூட இல்லை. இருபத்தோரு கல் வைக்க இடமே அதில் இல்லை.

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் இருதயராஜ் டயலைக் கையில் எடுத்தார். டிராக்டர் ஓட்டுகிறவர், எது எதில் பொருந்தும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தார். “இது வேற மிஷினோட டயலு” என்றார். பிறகு பாயிடம், “உனுக்கு மொதல்லயே தெரியுமா?” என்று கேட்டார்.

“கயுவும்போதே பாத்தேன். நான்தான் மறுபடி பசை வச்சி ஒட்டுனேன்.”

“அப்ப அன்னிக்கி சந்தைல சொல்றதுக்கு இன்னா?”

பாய்க்கு முதல் முறையாகக் குரல் உயர்ந்தது. “இன்னான்னு சொல்ல சொல்ற? சந்தைல அத்தினி பேர் நடுவுல நின்னுக்கினு, உங்க நைனா வேற டயல் ஒட்ன வாட்ச்ச வாங்கிக்கினு வந்தாருன்னு சொல்லவா? இருவத்தோரு கல்லு சூசைன்னு ஊரே கூப்புட்ட மனுசன. நீ என்ன திருடன்னு சொன்னது எனுக்கு பேஜாராத்தான் இருந்திச்சி. அதுக்குன்னு?”

இருதயராஜ் டயலைத் திருப்பி ‘21 ஜூவல்ஸ்’ என்ற எழுத்தைப் பார்த்தார். பிறகு, ரொம்பச் சன்னமாக, “அப்ப எங்க நைனா ஏமாந்துட்டாரா பாய்?” என்றார். அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது எனக்கு இப்போதும் கேட்கிறது.

“ஏமாறல” என்றார் பாய். “டயல பாத்து வாங்குனவன்தான் ஏமாறுவான். இந்த மிஷினு இத்தினி வருசமா ஓடுன ஓட்டத்த பாரு, மிஷின பத்தி தெரிஞ்ச இந்த பொண்ணையே கேளு. உங்க நைனா காதுல வச்சி கேட்டுத்தான் வாங்கிகீறாரு.”

அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை என்பதற்கு நான் சாட்சி. அந்த டயல் எந்த வகை மிஷினுக்கு உரியது என்று கால் வெட்டிய இடத்தை வைத்தே ஊகிக்க முடிந்தது. அந்த வகையில் மூன்றைப் பிரித்திருக்கிறேன். அதில் கூடுதலாக இருக்கும் நாலு கல்லும் சாவி கொடுக்கும் பக்கத்தில், பெரிதாக வேலையே இல்லாத இடத்தில், எண்ணிக்கையை ஏற்றி டயலில் போடுவதற்காகப் பதித்தது. சூசை வாட்சின் பதினேழும் உழைக்கிற கல். இரண்டையும் என்னிடம் நீட்டி ஒன்றை எடுத்துக்கொள் என்றால் பதினேழைத்தான் எடுப்பேன். இதை இருதயராஜிடமும் சொன்னேன்.

சவரியம்மா லென்ஸை மேஜையில் வைத்தார். “அந்த மனுசன் தேங்காயக்கூட காதுல வச்சி ஆட்டாம வாங்க மாட்டாரு” என்றார். முதலில் தங்கைதான் சிரித்தாள். ஒரு வாரமாகச் சிரிக்காத பெண். அப்புறம் எல்லோரும் சிரித்துவிட்டோம், இருதயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

நான் சூசை வாட்சை மறுபடி பூட்ட இடுக்கியை எடுத்தேன். “நீ கீழ வைம்மா” என்று இருதயராஜ் என் கையிலிருந்து அதை வாங்கிப் பாயிடம் நீட்டினார். “நீங்களே பூட்டுங்க பாய்.” எண்ணி முடித்ததும் மறுபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்ட கையை எடுத்தார் பாய். சரியான டயல் தேடிப் போடட்டுமா என்று மட்டும் கேட்டார். “வேணாம், இதுவே இருக்கட்டும்” என்றார் இருதயராஜ். டீ வந்தது. குடித்துக்கொண்டே, “அன்னிக்கி கத்துனது தப்பு பாய்” என்றார்.

“அன்னிக்கி நீ கத்துனத கேட்டவன் இந்த தெரு முயுக்க கீறான் தம்பி” என்றார் பாய். “இப்ப சொல்றத கேக்கறது நாங்க நாலு பேருதான்.” கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் உண்மை. இருதயராஜ் தெருவைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார்.

திரும்பும்போது நாலு மணிக்கு உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ் கிடைத்தது. மாகறலில் இறங்கிய தங்கை ஜன்னலோரம் நின்று என் கையை விடவில்லை. பஸ் பாலாற்றைத் தாண்டும் வரை நான் ஒன்றுமே யோசிக்கவில்லை. எத்தனையோ வாட்ச் வேட்டைக்குப் போய், நல்ல மிஷின் கிடைத்துத் திரும்பியிருக்கிறேன். ஒன்றும் வாங்காமல் திரும்பிய இந்தப் பயணத்தில் இருந்த நிம்மதி எதிலும் இருந்ததில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், பாய் கடை தொழுகைக்கு மூடியிருக்கும். சந்தை நாளில் கடைத்தெருவில் நிற்க இடமிருக்காது. பழைய வாட்சை வாங்குமுன் டயலில் போட்ட எண்ணையும் மிஷினில் வெட்டிய எண்ணையும் ஒப்பிடுங்கள். வேறு வேறாக இருந்தால் டயலின் காலைப் பார்க்காமல் யார் மேலும் பழி சொல்லாதீர்கள். மிஷினைப் போட்டோ எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், கிளிக் தெரிய வேண்டும், விரலை நிழலோடு சேர்த்துத் தள்ளி வையுங்கள். முடிந்தால் ஒத்த மிஷின் ஒன்றைக் கூட எடுத்துப் போங்கள். நான் நூறு வார்த்தை பேசியும் நம்பாதவர்கள், பக்கத்தில் இன்னொன்றை வைத்ததும் நம்பினார்கள். உங்கள் வாட்சைப் பழுது பார்ப்பவர் ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் விட்டால், ஏன் விட்டார் என்று ஒரு தடவை தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடையில் இருந்தபோது காதர் பாயிடமிருந்து போன் வந்தது. மறுபடி என்ன ஆயிற்றோ என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

“உங்க மாமாவ கொஞ்சம் வூட்டுக்கு கூப்புட்டுக்கோம்மா” என்றார். “ஷட்டர் தொறக்கசொல்லோ வந்தவரு, வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கினு, தெருவுல போறவன் வரவன எல்லாம் நிறுத்தி, பதினேயு கல்லும் எங்கெங்க கீதுன்னு சொல்லி, ‘பாய் மேல தப்பில்ல, தப்பு என்னுது’ன்னு சொல்லிக்கினு கீறாரு. எனுக்கு வியாபாரமே ஆவல.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “டீ ஆறுது, மொதல்ல குடி தம்பி” என்று சொல்வது கேட்டது.